வீங்கிய மூட்டுக்கு மண் பத்து: எப்போது சூடாக, எப்போது குளிர்ச்சியாக

மூட்டு வீங்கியிருக்கிறது, மண் பத்து போடலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் அவர்கள் கைக்குத்தான் வேலை கொடுப்பேன். புறங்கையை வலிக்கிற மூட்டின் மேல் வையுங்கள். கொஞ்சம் கழித்து அதே கையை அடுத்த காலில் அதே இடத்தில் வையுங்கள். எது சூடாக இருக்கிறது? இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் மண்ணைப் பற்றிப் பேச்சு.

மண் சிகிச்சை அறையில் வேலை பார்ப்பது என் தொழில். மண்ணைக் குழைப்பது, சூடாக்குவது, பரப்புவது, போட்டுக்கொண்டவர் பக்கத்தில் உட்கார்ந்து தோலின் நிறத்தைக் கவனிப்பது, கழுவி விடுவது, இதுதான் நாள் முழுக்க. மண் பத்து போட்டும் பலனில்லை என்று வருகிறவர்களிடம் விசாரித்தால் மண்ணில் குறை இருப்பது அபூர்வம். கொதித்துக்கொண்டிருக்கிற மூட்டில் சூடான மண்ணையோ, இறுகிக் கிடக்கிற மூட்டில் சில்லென்ற மண்ணையோ போட்டிருப்பார்கள். ஒரே மண்தான். சூடாகப் போட்டால் அது ஒரு மருந்து, குளிர்ச்சியாகப் போட்டால் வேறொரு மருந்து.

முதலில் தொட்டுப் பாருங்கள்

அழற்சிக்கு நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிப்பது இதைத்தான். வலி பல காரணங்களால் வரும், வீக்கம் பழைய நீர்க்கோப்பாகவும் இருக்கலாம். சூடுதான் இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும்.

சோதிக்கும் முன் முழங்கால் உறையைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் போர்த்தாமல் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். நடந்து வந்த உடனே தொட்டால் எல்லாமே சூடாகத்தான் இருக்கும். நலமாக இருக்கிற முழங்காலில் சில்லு இருக்கும் இடம், அதற்கு மேலே தொடையையும் கீழே கெண்டைக்காலையும் விடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். புறங்கையைத் தொடையிலிருந்து மெதுவாகக் கீழே இழுத்து வந்தால் சில்லின் மேல் அந்தக் குளிர்ச்சி தெரியும். அது தெரியாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சூடாக இருந்தால், மூட்டுச் சவ்வில் அழற்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு முழங்காலுமே வலிக்கிறவர்களுக்கு, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதைவிட இப்படி இழுத்துப் பார்ப்பதுதான் கைகொடுக்கும்.

அடுத்த கேள்வி, காலையில் எழுந்ததும் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது? தேய்மானத்தால் வரும் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். ஒரு மணி நேரம் தாண்டியும் விரல்களை மடக்க முடியவில்லை, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வலிக்கிறது என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்த்து, அழற்சியின் அளவைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி போன்ற ரத்தப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டும். மண் அதற்குப் பிறகு.

சரி, விடை கிடைத்துவிட்டது. மூட்டு குளிர்ந்து இறுகியிருக்கிறது, நடக்க நடக்கத் தளர்கிறது என்றால் சூடான மண். மூட்டு சூடாக, பொதபொதவென்று வீங்கி, தொட்டாலே வலிக்கிறது என்றால் குளிர்ந்த மண் மட்டும். மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது. ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, அசைக்கவே முடியாமல், கூடவே காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். சில நாட்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடக் கூடியது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தாலும் அப்படித்தான். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம், அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது.

சூடு ஏன் அழற்சியைக் கூட்டுகிறது, ஏன் குறைக்கிறது

இது குழப்பமாகத் தோன்றும். நிறையப் பேர் தடுமாறுவதும் இங்கேதான்.

மூட்டுச் சவ்வு அழன்றிருக்கும்போது கொலாஜனேஸ் என்கிற நொதி சுரக்கிறது. குருத்தெலும்பை அரிப்பது அதுதான். 1974-ல் ஹாரிஸ், மெக்ராஸ்கரி என்ற இருவர் சோதனைக்கூடத்தில் இந்த நொதியை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். 33 டிகிரியிலிருந்து 36 டிகிரிக்கு ஏற்றியதுமே குருத்தெலும்பைக் கரைக்கும் வேகம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. மூன்றே டிகிரி. ஏற்கெனவே கொதிக்கிற மூட்டில் சூடான மண்ணை வைக்க நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கலாம். ராத்திரி வீக்கம் கூடிவிடும்.

குளிர்ந்த மண் இதற்கு நேர்மாறு. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, திசுக்களுக்குள் நீர் கசிவது குறைகிறது, வலியைக் கொண்டுபோகும் நரம்புகளின் வேகம் தணிகிறது. பனிக்கட்டியைப் போல மண் தோலைப் புண்ணாக்காது. மெதுவாகக் குளிரவைக்கும். ஈரம் ஆவியாகும்போது மேலும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் சூடான மண் எப்படி அழற்சிக்கு உதவுகிறது? பழைய, தணிந்த நிலையில் இருக்கிற மூட்டுத் தேய்மானத்தில் நிலைமை வேறு. அங்கே நொதியின் கொதிப்பைவிட, இறுகிப்போன தசையும் மந்தமான ரத்த ஓட்டமும் விடாத வலியும்தான் பிரச்சினை. சூடு தசையைத் தளர்த்துகிறது, ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. இதோடு நிற்பதில்லை. தோலின் பெரிய பரப்பில் 15, 20 நிமிடம் சூடு படும்போது மூளை அதை ஒரு சிறு நெருக்கடியாக எடுத்துக்கொண்டு, கார்ட்டிசாலையும் எண்டார்ஃபினையும் சுரக்கச் செய்கிறது. ஒன்று உடம்பே தயாரிக்கிற அழற்சித் தணிப்பான், மற்றொன்று வலி தணிப்பான். தொடர்ச்சியாகப் பல நாட்கள் செய்யும்போது ரத்தத்தில் உள்ள அழற்சித் தூதுப் பொருள்களும் இறங்குகின்றன. இத்தாலியில் பதுவா பக்கத்தில் 1990-களில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் மண் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இன்டர்லூக்கின் 1, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்றவை குறைந்திருந்தன. ஒரு முழங்காலில் போட்ட மண்ணின் பலன் உடம்பு முழுக்கப் போகிறதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். போகிறது, ஆனால் ரத்தத்தின் வழியாக, நாட்கள் ஏற ஏற. ஒரே தடவை போட்டு மறுநாள் சிஆர்பி குறையவில்லையே என்று பார்ப்பதில் பொருளில்லை.

மண்ணில் இருக்கிற பொருள்களுக்கும் ஏதாவது பங்கு உண்டா, இல்லை எல்லாம் சூடுதானா? இதைச் சோதிக்கத் துருக்கியில் நல்ல வழி ஒன்றைக் கையாண்டார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மண்ணை நேராகத் தோலிலும், மற்றதுக்கு நடுவில் நைலான் தாளை வைத்தும் போட்டார்கள். மண்ணும் ஒன்று, சூடும் ஒன்று. 2008-ல் வெளியான முடிவின்படி இரண்டு பிரிவினருக்குமே வலி குறைந்தது, நேராகத் தோலில் பட்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஆக, சூடு பெரும்பங்கு வேலையைச் செய்கிறது, மண்ணும் தன் பங்குக்கு ஏதோ தருகிறது. இந்தத் துறையில் ஆய்வுகள் சிறியவை. போட்டிருப்பது மண்ணா இல்லையா என்பதை யாரிடமும் மறைக்கவும் முடியாது. அதனால் நான் இதை மருந்துக்குத் துணை என்று மட்டும்தான் சொல்வேன். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற முடக்குவாத மாத்திரைகளை மண்ணை நம்பி நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். மாத்திரை நின்ற பிறகு மூட்டு உள்ளுக்குள் அரிபடுவது வெளியே உடனே தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண் உடம்பிலுள்ள நச்சை உறிஞ்சி எடுக்கிறது என்று சொல்வார்கள். கழுவும்போது நீர் கறுத்து ஓடுவதைக் காட்டி இதுதான் நச்சு என்பார்கள். கறுத்து ஓடுவது மண்தான். களிமண் தன் மேற்பரப்பில் படுவதைப் பிடித்துக்கொள்ளும், தோலின் எண்ணெயும் வியர்வையும் அதில் ஒட்டும். அழற்சிப் பொருள்கள் இருப்பது மூட்டுக்குள்ளும் ரத்தத்திலும். தோலைத் தாண்டி அவற்றை வெளியே இழுக்க எந்த மண்ணாலும் முடியாது.

எந்த மண்

பேர்போன சிகிச்சை மண்களைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. நம் கையில் இருப்பது எது, எது இல்லை என்பது அப்போதுதான் புரியும். இத்தாலியின் அபானோவில் நிலத்திலிருந்து 80 டிகிரிக்கும் மேலான சூட்டில் வரும் நீரைக் களிமண்ணின் மேல் ஓடவிட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் தொட்டிகளில் முதிர வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் மண்ணின் மேல் பச்சையாக நுண்ணுயிர்ப் படலம் வளர்கிறது. அதில் இடிஎஸ்-05 என்று பெயரிட்ட ஒரு நீலப்பச்சைப் பாசி உருவாக்கும் கிளைக்கோலிப்பிடுகளுக்கு (சர்க்கரை சேர்ந்த கொழுப்புப் பொருள்கள்) அழற்சியைத் தணிக்கும் தன்மை இருப்பதைப் பதுவா பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். எஸ்தோனியாவின் ஹாப்சாலுவில் ஹுன்னியஸ் என்ற மருத்துவர் 1825-ல் கடல் சேற்றுக்கென்றே சிகிச்சைக்கூடம் திறந்தார். சாக்கடல் மண் கறுப்பாக இருப்பதற்கு இரும்பு சல்ஃபைடு காரணம். மக்னீசிய உப்புகள் அதில் மிகுதி. அந்த மண்ணை வீட்டில் போட்டுக்கொண்டவர்களையும், தாதுக்களை நீக்கிய மண்ணைப் போட்டுக்கொண்டவர்களையும் ஒப்பிட்டு 2002-ல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வந்தது. முழங்கால் வலி தணிந்தது தாது உள்ள மண்ணில்தான்.

பையில் வருகிற காய்ந்த களிமண் தூளில் அந்தப் பாசி இருக்காது. அதைக் குழைத்து வீட்டு மூலையில் இரண்டு மாதம் ஊறவைத்து நாமே முதிர வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெந்நீர் ஊற்றின் சூடும் உப்பும் இல்லாத இடத்தில் வளர்வது வேறு கிருமிகள். வீட்டு மண்ணில் நாம் எதிர்பார்க்கக் கூடியது நல்ல சூடு அல்லது நல்ல குளிர்ச்சி, கொஞ்சம் தாது. அதுவே போதுமான பலன் தரும்.

வாங்குவதாக இருந்தால், ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்களுக்கும் கிருமிகளுக்கும் சோதித்த சான்று உள்ள மண்ணாகப் பாருங்கள். நாமே தோண்டுவதாக இருந்தால் வயல் மண், சாலையோர மண், கால்நடை நடமாடும் இடத்து மண் எதுவும் வேண்டாம். மேல்மண்ணைத் தள்ளிவிட்டு மூன்று நான்கு அடிக்குக் கீழே எடுத்து, கல், வேர் நீக்கி, நொறுக்கி, நல்ல வெயிலில் நாள்கணக்கில் காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். வெயில் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் தப்பிக்கும். அதனால் கீறல், வெடிப்பு, புண், அப்போதுதான் மழித்த தோல் இருக்கும் இடத்தில் எந்த மண்ணும் படக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மண்ணின் தரத்தைப் பார்க்க ஒரு சிட்டிகையை நனைத்து, காதருகே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று சத்தம் கேட்டால் மணல் அதிகம். சூடும் தங்காது, தோலையும் உரசும். நல்ல களிமண் சத்தமில்லாமல் வழுக்கும். அதை உள்ளங்கையில் உருட்டினால் மெல்லிய திரிபோல நீளும், உடையாது.

குழைப்பதற்கு மண்ணைப் பீங்கான் அல்லது எனாமல் பாத்திரத்தில் போட்டு, கொதித்து ஆறிய நீரை மண் மூழ்கும் அளவு ஊற்றி, கிளறாமல் மூடி ஓர் இரவு விடுங்கள். உடனே கிளறினால் உள்ளே காய்ந்த உருண்டைகள் தங்கிவிடும். காலையில் மேலே நிற்கிற நீரை வடித்துவிட்டு மரக் கரண்டியால் பிசையுங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல், ஆனால் தட்டினால் ஒரே கட்டியாக விழ வேண்டும். தோசை மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட இளக்கம், அந்தப் பதம். ஊறிய மண்ணை இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஒருமுறை போட்ட மண்ணை மறுபடி போடாதீர்கள், இன்னொருவருக்குப் போடவே கூடாது. கழுவும் நீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் பிடித்துச் செடிகள் உள்ள மண்ணில் கொட்டிவிடுங்கள்.

சூடான பத்து

ஒரு முழங்காலுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ குழைத்த மண் வேண்டும். பெரிய பாத்திரத்தில் வெந்நீரை வைத்து, அதற்குள் மண் பாத்திரத்தை இறக்கி, மெதுவான தீயில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். நேரடித் தீயும் மைக்ரோவேவும் வேண்டாம். நடுவில் ஒரு கட்டி மட்டும் கொதித்திருக்கும், வெளியே தெரியாது. கம்பி வைத்த தெர்மாமீட்டரை நடுவில், ஓரத்தில், அடியில் என மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். சிகிச்சைக்கூடங்களில் 45 டிகிரிவரை போவார்கள். வீட்டில் 40 முதல் 42 போதும். 44 டிகிரியில் தோல் வெந்துபோக மணிக்கணக்காகும். ஆனால் 50-ஐ நெருங்கினால் சில நிமிடம் போதும், 60 டிகிரியில் ஐந்து நொடி. இந்தக் கணக்கு 1947-லேயே அளந்து எழுதப்பட்டது. மண் தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்பது, உதறிவிட முடியாதது என்பதையும் நினைவில் வையுங்கள்.

போடும் முன் அந்த இடத்தை வெறும் நீரால் கழுவித் துடையுங்கள். வலிக்களிம்பு ஏதாவது தடவியிருந்தால் சோப்புப் போட்டு நன்றாக எடுக்க வேண்டும். சூட்டில் அது வேகமாக உள்ளே போகும், மிளகாய்ச் சாரம் கலந்த களிம்பாக இருந்தால் எரிச்சல் தாங்க முடியாது. ஃபென்டனில் போன்ற வலிமருந்துப் பட்டை உடம்பில் ஒட்டியிருப்பவர்களுக்குச் சூடான மண் கூடவே கூடாது. பட்டையிலிருந்து மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் இறங்கி, மூச்சு மந்தப்படும் ஆபத்து உண்டு.

கீழே பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் தடித்த துண்டும் போட்டுப் படுக்க வையுங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. முதல் பிடி மண்ணை உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு அவருடைய முழங்காலில் ஓரத்தில் கொஞ்சம். சுகமாக இருக்கிறது என்றால் மீதியை இரண்டு செ.மீ. கனத்துக்கு, சில்லின் மேலும் இரு பக்கங்களிலும் அப்புங்கள். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் வேண்டாம், அங்கே தோல் மெல்லியது. மெல்லிசாகப் பூசினால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும், கனம்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். மேலே பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் கம்பளி.

முதல் நாள் 10 நிமிடம், அப்புறம் 15, போகப் போக 20. அதற்கு மேல் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓரத்தைத் தூக்கித் தோலைப் பாருங்கள். சீரான இளஞ்சிவப்பு நல்லது. திட்டுத் திட்டாகவோ வலைபோலவோ சிவந்தால், வெளிறினால், உடனே எடுங்கள். தலை கிறுகிறுத்தாலும் படபடத்தாலும் அப்படியே. எடுத்த பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, அரை மணி நேரம் போர்த்திப் படுத்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் பத்துக்குப் படுத்திருந்தார். “சூடே தெரியலையேம்மா, இன்னும் கொஞ்சம் சூடு பண்ணிப் போடேன்” என்றார். தெர்மாமீட்டரை வைத்தேன், 42 காட்டியது. தோல் ஓரத்தில் நன்றாகவே சிவக்கத் தொடங்கியிருந்தது. “ஐயா, மண்ணில் சூடு இருக்கிறது, உங்கள் காலுக்குத்தான் தெரியவில்லை” என்று சொல்லி மண்ணை வழித்து எடுத்துவிட்டேன். பாதத்தில் பஞ்சால் தொட்டதும் அவருக்குத் தெரியவில்லை. நரம்புப் பாதிப்பு முழங்கால்வரை ஏறியிருந்தது, அதுவரை அவருக்கே அது தெரியாது. மருத்துவரிடம் அனுப்பினேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சூடு போடும் முன், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சையும் வெதுவெதுப்பான கரண்டியையும் காலில் வைக்கச் சொல்லிச் சோதிப்பது கட்டாயம். உணர்வு குறைந்திருந்தால் சூடு வேண்டவே வேண்டாம்.

இதய பலவீனம், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம், காய்ச்சல், அந்த இடத்தில் புற்றுநோய், புதிதாக ஏற்பட்ட ரத்தக்கட்டு இவை இருப்பவர்களுக்கும் சூடான மண் கிடையாது.

குளிர்ந்த பட்டி

இது எளிது. ஊறிய மண்ணை மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள். 15 முதல் 20 டிகிரி இருந்தால் போதும், உறைய வைக்கக் கூடாது. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒரு செ.மீ. கனத்துக்கு மண்ணைப் பரப்பி மடித்து, மூட்டின் மேல் வையுங்கள். மேலே பிளாஸ்டிக் போடாதீர்கள், ஈரம் ஆவியானால்தான் குளிர்ச்சி நீடிக்கும். 20 நிமிடம், அல்லது பட்டி தோலின் சூட்டுக்கு வந்ததும் எடுத்துவிடலாம். சில மணி நேரம் விட்டு, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை செய்யலாம்.

கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் வாதம் வந்து கால் பெருவிரல் வீங்கியவர்களுக்கு மட்டும் மண்ணை நான் வைப்பதில்லை. போர்வை பட்டாலே உயிர் போகிற வலி அது, மண்ணின் கனத்தை எப்படித் தாங்குவார்கள்? வெறும் ஈரத்துணியை லேசாகப் போடுவேன், மருந்துக்கு மருத்துவரிடம் அனுப்புவேன். குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் ரேனாட் தொந்தரவு உள்ளவர்களுக்கும், கால் ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் குளிர்ந்த பட்டி ஆகாது.

முடக்குவாதக்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டிவரும். மூட்டு கொதிக்கிற வாரத்தில் குளிர். மருந்தால் அடங்கி, இறுக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிற வாரத்தில் மிதமான சூடு, 38 முதல் 40 டிகிரிக்குள். ஒவ்வொரு நாளும் போடும் முன் புறங்கைச் சோதனை. நேற்று சூடு போட்டோம் என்பதற்காக இன்றைக்கும் சூடுதான் என்று முடிவு செய்யாதீர்கள்.

எத்தனை நாள், எப்படித் தெரிந்துகொள்வது

ஒரு சுற்று என்பது 12 முதல் 15 தடவை. சிகிச்சைக்கூடங்களில் தினமும் போட்டு இரண்டு மூன்று வாரத்தில் முடிப்பார்கள். வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் வயதானவர்களுக்குச் சோர்வு தட்டாது. முதல் வாரத்துக்குள் வலி லேசாகக் கூடி, உடம்பு அசந்து போவது சிலருக்கு நடக்கும். ஒருநாள் விட்டால் தணிந்துவிடும். ஆனால் மூட்டு தொடுவதற்குச் சூடாகிவிட்டால் அது வேறு. சூட்டை நிறுத்திக் குளிருக்கு மாறுங்கள், இரண்டு நாளில் அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பலனை ஞாபகத்தில் வைத்து அளக்காதீர்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை இறுக்கம் எத்தனை நிமிடம், படி இறங்கும்போது வலி பத்துக்கு எத்தனை, சில்லின் நடுவில் தையல் டேப்பைச் சுற்றினால் எத்தனை செ.மீ. டேப்பை இறுக்காமல், தினமும் ஒரே நேரத்தில், காலை நீட்டிய நிலையில் அளக்க வேண்டும். மாலையில் அளந்தால் நடந்த வீக்கமும் சேர்ந்துவிடும். எட்டாவது பத்தாவது தடவைக்குள் இறுக்கம் குறையத் தொடங்கினால் சரியான வழியில் போகிறோம். 15 தடவை முடிந்தும் நோட்டில் எதுவும் மாறவில்லை என்றால் இந்த மூட்டுக்கு மண் உதவவில்லை என்று எடுத்துக்கொண்டு, வேறு வழியைப் பார்க்க வேண்டும். அதில் வருத்தப்பட எதுவுமில்லை.

பலன் கிடைத்தவர்களுக்கு அது சுற்று முடிந்த பிறகும் சில மாதங்கள் நிற்கும். அந்த மாதங்களை வீணாக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. வலி குறைந்ததும் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுவார்கள். தொடைத் தசை மெலிந்துகொண்டே போகும், மூட்டின் பாரம் மறுபடி குருத்தெலும்பின் மேல் விழும். சூடான பத்து எடுத்து, ஓய்வெடுத்த பிறகு தசை தளர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். முழங்காலுக்கு அடியில் இருக்கிற அதே சுருட்டிய துண்டை முழங்காலால் கீழே அழுத்தி, தொடை இறுகுவதைக் கையால் தொட்டுப் பார்த்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. மண் போடாத நாளிலும் இதைச் செய்ய வேண்டும், நோட்டிலும் அதற்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.